பல்லும் லிஃப்ட்டும் பேசிய கப்பல் தொடர்

பல் செய்கிறவள் பல்லு, லிஃப்ட் பழுதுபார்க்கிறவன் லிஃப்ட்டு. ஜப்பான்காரர்களின் அனிமே கார்ட்டூன் தொடர்களைப் பற்றிப் புருஷனும் பெண்டாட்டியுமாகப் பேசி இணையத்தில் போட ஆரம்பித்தபோது, பெயருக்காக மண்டையைக் குடைந்துகொள்ளாமல் பிழைப்பையே பெயராக வைத்துக்கொண்டார்கள். ‘பல்லும் லிஃப்ட்டும்’ என்பது நிகழ்ச்சியின் பெயர். கேட்கிறவர்கள் சில ஆயிரம் பேர் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அவளுக்காகத்தான் கேட்டார்கள் என்பது அவனுக்கும் தெரியும். அவன் ஒரு தொடரை வாய் வலிக்கப் புகழ்வான். அவள் கடைசியில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லி அதன் பல்லைப் பிடுங்கிவிடுவாள்.

அவளுடைய அப்பா பஸ் ஓட்டினார். அக்கா படிப்பில் கெட்டி, இவள் கைவேலையில் கெட்டி. பள்ளிக்கூடம் முடித்த கையோடு ஒரு பல் லேபில் வேலைக்குச் சேர்ந்தவள் வேறெங்கும் போகவில்லை. பல் டாக்டர்கள் எடுத்தனுப்பும் வாய் அச்சில் பிளாஸ்டர் ஊற்றுவாள், மெழுகில் பல்லை வடிப்பாள், பிறகு பீங்கான் மாவைத் தூரிகையால் தொட்டுத் தொட்டு அடுக்குவாள். எந்தப் பல் யாருக்குப் போகிறது என்று தெரியாது. முகம் தெரியாத வாய்களோடுதான் அவளுக்குப் பகல் முழுவதும் சகவாசம். முகத்தில் மாஸ்க், காதில் அரவை மெஷினின் சத்தம். பேச்சுக்கு அங்கே வேலை இல்லை.

லேப் இருந்த கட்டடத்தின் லிஃப்ட் ஒரு நாள் நடுவழியில் நின்றுவிட்டது. உள்ளே அவள், கையில் ஒரு தட்டு. வந்து கதவை நெம்பித் திறந்தவன், “முதல்ல அந்தத் தட்டைக் கொடுங்க. என்னங்க அது?” என்றான்.

“பல்லு.”

“யாரோடது?”

“தெரியாது.”

அவன் ஏணியில் நின்றபடியே சிரித்த சிரிப்பில் தட்டு ஆடியது. “பார்த்து, கீழ விழுந்தா பல்லு போயிடும்” என்று அவள் சொன்னதற்கு இன்னொரு சிரிப்பு. அடுத்த வருடம் கல்யாணம்.

அவன் சும்மா இருக்கிற நேரத்தில், அதாவது ஸ்பேர் பார்ட்டுக்காக மொட்டை மாடி மோட்டார் அறையில் காத்துக்கிடக்கிற நேரத்தில், மொபைலில் ஒரு கேம் ஆடுவான். பழைய போர்களில் மூழ்கிப்போன கப்பல்கள் பெண்களாகப் பிறந்து ஒரு தீவில் கூடி வாழும். கடலில் நகர்ந்து வந்து மோதும் பாறைக் கூட்டங்களோடு சண்டை போடும். சண்டையில் ஒரு கப்பல் மூழ்கினால் மூழ்கியதுதான், திரும்ப வராது. அவனிடம் நல்ல நல்ல போர்க்கப்பல்கள் இருந்தும், எண்ணெய் ஏற்றிக்கொண்டு பின்னால் வரும் ஒரு சப்பைக் கப்பல்மேல்தான் அவனுக்கு உயிர். எண்ணெய்க்காரி என்று அதற்குப் பெயரே வைத்திருந்தான். மூழ்கிவிடுமோ என்று அதைச் சண்டைக்கே அனுப்பியதில்லை.

அலமாரி அறையில் கம்பளிகளைத் தொங்கவிட்டு, அதற்குள் ஒரு மைக்கை வைத்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசினார்கள். வீட்டில் அவள் அவனை ‘நீங்க’ என்பாள். மைக்குக்கு முன்னால் ‘நீ’. சண்டை சூடு பிடிக்கும்போது தானாக அப்படி வந்தது. கேட்கிறவர்களுக்கும் அது பிடித்துப்போயிற்று.

கெட்டது எப்போது தொடங்கியது என்று அக்கா பிற்பாடு கேட்டபோது அவளால் சொல்ல முடியவில்லை. ஆனால் ஒரு வழக்கம் மட்டும் நினைவிருந்தது. சாப்பிடும்போது அவள் வேடிக்கையாக ஏதாவது சொல்ல வாயெடுத்தால் அவன் கையைக் காட்டுவான். “இரு, இரு. இப்பவே சொல்லிடாத. மைக்ல சொல்லு.” அவளும் அப்படித்தான். அவன் ஒரு தொடரைத் திட்டத் தொடங்கினால், “ஞாயித்துக்கிழமைக்கு வெச்சுக்கங்க” என்பாள். நல்ல பேச்செல்லாம் இப்படி எடுத்துவைக்கப்பட்டது. வீட்டுக்கு மிஞ்சியது கேஸ் தீர்ந்தது, கரண்ட் பில், குழாய் ஒழுகல். பிறகு அதுவும் காகிதத்தில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுவது என்றாகிவிட்டது.

ஒரு மத்தியானம் அவன் மின்விசிறியைக் கழற்றித் தரையில் பரப்பிவைத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தாமலே கேட்டான்.

“நமக்குள்ள பேச ஒண்ணும் இல்லைல்ல?”

“ஞாயித்துக்கிழமை பேசறோமே.”

“அதைத் தவிர.”

அவள் யோசித்துப் பார்த்தாள். “இல்லை.”

“பிரிஞ்சிடலாமா?”

“சரி” என்றாள் அவள். டீ போடட்டுமா என்று கேட்டிருந்தாலும் அதே குரலில்தான் சரி என்றிருப்பாள். நெஞ்சில் ஏதாவது நடக்கிறதா என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அவன் விசிறியின் இறக்கைகளை மாட்டி முடித்தான். அவள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

வாரக் கடைசியில் அவள் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். பைகளை அவன்தான் பஸ் நிறுத்தம் வரை தூக்கி வந்தான். பஸ் வருவதற்குள், “கப்பல் தொடர் வருதே” என்றான்.

அந்தக் கேமை அனிமே தொடராக எடுத்திருந்தார்கள். வாரம் ஒன்றாக வரப்போகிறது, ஒவ்வொன்றையும் விடாமல் விமர்சிக்கப்போகிறோம் என்று இவர்கள் மாதக்கணக்காகச் சொல்லிவந்திருந்தார்கள்.

“சொல்லிட்டோம்ல” என்றாள் அவள்.

“சொல்லிட்டோம்.”

“முடியற வரைக்கும் வரேன்.”

அக்கா வாசலிலேயே அழுதாள். இவள் பைகளை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, அழுகிற அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். துக்கம் விசாரிக்க வந்த பக்கத்து வீட்டுக்காரி மாதிரி இருந்தது அவளுக்கே.

“உனக்கு அழுகையே வரலையாடி?”

“வரலக்கா.”

“வராம எங்க போச்சு? அவன் அடிச்சானா?”

“இல்ல.”

“வேற யாராவது?”

“இல்லக்கா. அவரு நல்லவருதான்.”

“நல்லவனா? அப்புறம் எதுக்குடி பையைத் தூக்கிட்டு வந்த?” என்று அக்கா இன்னொரு பாட்டம் அழுதாள். மாமா, அதாவது அக்காவின் கணவர், எழுந்துபோய்ப் பின்னறைக் கட்டிலில் இருந்த இஸ்திரித் துணிகளை அப்புறப்படுத்தி இடம் செய்துகொடுத்தார்.

தொடர் தொடங்கியது. ஞாயிறு மத்தியானம் பஸ் பிடித்து அந்த வீட்டுக்குப் போவாள். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து அந்த வாரத்து எபிசோடைப் பார்ப்பார்கள். அப்போது பேச்சு கிடையாது. பிறகு அலமாரி அறைக்குள் போய் மைக்கைப் போட்டதும், குழாயைத் திறந்துவிட்ட மாதிரி இரண்டு பேருக்கும் பேச்சு வரும்.

“சண்டைக் கப்பல்னு சொன்ன. எபிசோட் பூரா துணி துவைக்கிறாங்க.”

“உப்புத்தண்ணி பட்ட துணி. துவைக்க வேணாமா?”

“துவைக்கட்டும். பீரங்கியைக் கழட்டி வெச்சிட்டுத் துவைக்கக்கூடாதா? முதுகுல மாட்டிக்கிட்டே குனியுது ஒண்ணு. பார்க்கிற எனக்கு முதுகு வலிக்குது.”

“அது பீரங்கி இல்ல, டார்பிடோ குழாய்.”

“எதுவா இருந்தா என்ன, துணிக் கொடியில இடிக்குது பாரு. அப்புறம் இன்னொண்ணு. இத்தனை பேர் இருக்காங்க, ஒருத்திக்காவது தனித்தனிப் பல்லு இருக்கா? வாயைத் திறந்தா ஒரே வெள்ளைப் பட்டை. இப்படி ஒரு செட் நான் செஞ்சு கொடுத்தேன்னா, எங்க முதலாளி அதையும் என்னையும் சேர்த்து வெளிய அனுப்பிடுவார்.”

அவன் விழுந்து விழுந்து சிரிப்பான். அவளுக்கும் சிரிப்பு வரும். மைக்கின் சிவப்பு விளக்கை அணைத்ததும் இருவரும் ஒரே சமயத்தில் எழுந்திருப்பார்கள்.

“டீ?”

“வேணாம். பஸ் வந்துடும்.”

அக்கா சமையலறையில் வேலை செய்துகொண்டே இந்த நிகழ்ச்சியைப் போட்டுக் கேட்டாள். கையில் கரண்டியோடு பின்னறைக்கு வந்து நின்றாள். “இவ்வளவு சிரிச்சுப் பேசறீங்களே, பிரியறதுக்கு என்னடி காரணம்?”

“அது மைக்கு, அக்கா.”

“மைக்கா பேசுது? நீங்கதானே பேசறீங்க?”

“அப்படி என்னதான் கதை அது?” என்று மாமா பேச்சை மாற்றினார். கப்பல்கள் பெண்களான கதையை இவள் முழுவதுமாகச் சொன்னாள். மாமா கேட்டு முடித்துவிட்டு, “விடு. இதுக்கு மேல கேட்டா நம்ம கப்பல்தான் கவிழும்” என்று டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டார்.

விமர்சனம் என்று பார்த்தால் தொடர் அப்படியொன்றும் தேறவில்லை. இரண்டாவது எபிசோடிலும் சமையல், மூன்றாவதிலும் சமையல், நடுவில் ஒரு சண்டை. கடலை அவசரமாக வரைந்திருந்தார்கள். அலை அடிக்கிறது, நுரை நகரவில்லை. அவன் ஒவ்வொரு வாரமும் ஏதாவது சமாதானம் சொன்னான். கேமில் இந்தப் பெண் இப்படித்தான், அந்தப் பெண்ணுக்குப் பின்கதை உண்டு என்பான். “சட்டியில இருந்தாத்தான் அகப்பையில வரும். உன் கேம்ல இருக்கிறது எனக்கெதுக்கு? திரையில எங்க இருக்கு காட்டு” என்பாள் அவள். கேட்கிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். இவ்வளவு நன்றாக நீங்கள் பேசியதே இல்லை என்று எழுதினார்கள்.

ஒன்பதாவது எபிசோடில் எண்ணெய்க்காரி மூழ்கினாள்.

பாறைக் கூட்டம் சூழ்ந்துகொள்கிறது. மற்றக் கப்பல்களுக்கு ஓட எண்ணெய் இல்லை. அவள் தன்னிடம் இருப்பதையெல்லாம் ஊற்றிக்கொடுத்துவிட்டு, நகர முடியாமல் பின்தங்கி நிற்கிறாள். வெகு சீக்கிரம் முடிந்துவிட்டது. இசைகூடப் போடவில்லை. அடுத்த காட்சியில் மற்றவர்கள் கரையில் இருந்தார்கள்.

மைக் முன்னால் உட்கார்ந்ததும் அவன்தான் வழக்கம்போல் ஆரம்பித்தான். “வணக்கம், ஒன்பதாவது எபிசோட்” என்றவன் நிறுத்திவிட்டான். யோசிக்கிறான் என்று நினைத்து அவள் இடத்தை நிரப்பினாள். ஓவியம் எப்படி, குரல் எப்படி என்று ஏதோ சொல்லிக்கொண்டே போனாள். திரும்பிப் பார்த்தால் அவன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். தோள் குலுங்கிக் குலுங்கி அழுதான். பக்கத்தில் தொங்கிய கம்பளியும் கூடவே ஆடியது. அவனை அப்படி அவள் பார்த்ததில்லை.

“நீ கிளம்பினன்னைக்கு வரும்னு நினைச்சேன்” என்றான், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “வரல. வீடு பூரா காலியா இருந்துச்சு, உட்கார்ந்து பார்த்தேன், வரல. இப்ப இதுக்குப் போய் வருது பாரு.”

“ஏதோ ஒண்ணுக்கு வந்துச்சுல்ல. அழுங்க.”

“உனக்கு ஒண்ணும் தோணலையா?”

“எனக்கு அந்தக் கப்பல் அவ்வளவாப் பழக்கம் இல்ல” என்றாள்.

அழுகைக்கு நடுவில் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அவன் முகம் கழுவிவிட்டு வந்தான். இரண்டு பேரும் எபிசோடைப் பற்றிச் சுருக்கமாகப் பேசி முடித்தார்கள்.

பதிவை வெட்டி ஒட்டுவது அவள் வேலை. மறுநாள் லேபில் சாப்பாட்டு இடைவேளையில் லேப்டாப்பைத் திறந்து, காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பேச்செல்லாம் திரையில் மேடும் பள்ளமுமாகக் கோடுகளாய்த் தெரிந்தது. அழுத இடத்தில் கோடு ஒட்டிப்போய்க் கிடந்தது. பேச்சைவிட அழுகைக்குச் சத்தம் குறைவு என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று பலமுறை கேட்டுப் பார்த்து, சுவடு தெரியாமல் வெட்டியெடுத்தாள். நல்ல வேலை. பிறகு டப்பாவைத் திறந்து, ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டாள்.

‘இந்த வாரம் சின்னதாக இருக்கிறதே, லிஃப்ட்டுக்கு உடம்பு சரியில்லையா?’ என்று நேயர்கள் கேட்டிருந்தார்கள். ‘ஜலதோஷம்’ என்று பதில் போட்டாள்.

அன்று மாலை கன்னத்தில் கை வைத்தபடி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து மாமா கேட்டார். “என்ன, கப்பல் கவிழ்ந்த மாதிரி உட்கார்ந்திருக்க?”

“கவிழ்ந்துதான் போச்சு மாமா. ஒன்பதாவது எபிசோட்ல.”

மாமா வாய்விட்டுச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு வருவதற்குள் தொடரை எடுத்தவர்கள் ஓர் அறிவிப்பு விட்டார்கள். வேலை முடியவில்லை, மிச்ச எபிசோடுகள் தள்ளிப்போகின்றன, தேதி பிறகு சொல்லப்படும். அவன் அதை அவளுக்கு அனுப்பினான். ‘சரி’ என்று அனுப்பினாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தூங்கினாள்.

விவாகரத்துக்குப் போன கோர்ட்டில் நீதிபதி அம்மா கண்ணாடிக்கு மேலாக இருவரையும் பார்த்து, “சேர்ந்து வாழ வாய்ப்பே இல்லையா?” என்று கேட்டார். யார் முதலில் பேசுவது என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆரம்பிக்கிறவன் எப்போதும் அவன்தான்.

“இல்லைங்க” என்றான்.

“இல்லைங்கம்மா” என்றாள் இவள்.

வெளியே வந்ததும் அவனுக்குப் போன் வந்தது. எங்கேயோ லிஃப்ட்டில் ஆள் மாட்டிக்கொண்டிருந்தார். “வரேன்” என்று சொல்லிவிட்டு ஓடினான்.

அவள் அக்கா வீட்டை விட்டு ஒரு லாண்டரிக்கு மேலே தனி அறை பிடித்தாள். கீழே மெஷின்கள் ஓடுவதால் தரை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். வேலைக்குப் போனாள், வந்தாள், சாப்பிட்டாள். துக்கம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. சந்தோஷம் என்று சொல்லவும் இல்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்டால் உதடு இருப்பதே தெரியாதாமே, அப்படி இருந்தது உடம்பு முழுக்க. ஒரு நாள் லேபில் உருகிய மெழுகு கைவிரலில் கொட்டி வழிந்தது. அவள் வேலையை நிறுத்தவில்லை. பக்கத்து மேஜையிலிருந்து பார்த்த முதலாளிதான் பதறி ஓடிவந்து, கையைப் பிடித்திழுத்துக் குழாயடியில் காட்டினார்.

“வலிக்கலையாம்மா உனக்கு?”

“இப்ப வலிக்குது சார்” என்றாள். உண்மையில் அப்போதும் அவ்வளவாக இல்லை. தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தது.

மிச்ச எபிசோடுகள் வந்தன. மாதங்கள் கழித்து, மொத்தமாக ஒரே நாளில். அவன் போன் செய்தான்.

“வந்துடுச்சு.”

“எது?”

“கப்பல்.”

பழைய வீட்டை அவன் காலி செய்துவிட்டிருந்தான். கூட வேலை செய்கிறவனோடு தங்கியிருந்தான். அதனால் மைக்கையும் கம்பளிகளையும் ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு அவள் அறைக்கு வந்தான். படியேறி மூச்சு வாங்க நின்று, “லிஃப்ட் இல்லாத கட்டடமாப் பார்த்துப் புடிச்சிருக்க” என்றான்.

“ரிப்பேர் ஆகாதுல்ல.”

துணி காயப்போடும் கயிற்றில் கம்பளிகளைத் தொங்கவிட்டார்கள். எபிசோடுகளை வரிசையாகப் பார்த்து முடித்தார்கள். கீழே லாண்டரிக்காரர் மத்தியானச் சாப்பாட்டுக்கு மெஷின்களை நிறுத்தும் வரை காத்திருந்தார்கள். நிறுத்தியதும் மைக்கைப் போட்டார்கள்.

கடைசி எபிசோடில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எண்ணெய்க்காரி கதவைத் திறந்துகொண்டு வருகிறாள். விளக்கம் ஏதும் இல்லை. அவனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“அவளை நான் ஒரு தடவைகூடச் சண்டைக்கு அனுப்பினதில்ல. ஏன்? மூழ்கினா திரும்பாது. அதுதான் அந்தக் கேமே. இவங்க என்னடான்னா, கதவைத் திறக்கிறா, ‘வந்துட்டேன்’ங்கறா. எப்படி வந்த? நீந்தியா வந்த?”

“கப்பல்தானே. மிதந்து வந்திருப்பா.”

“விளையாடாத. அவ போனதுக்கு ஒரு அர்த்தம் வேணாமா? அழுதவன் என்ன முட்டாளா?”

“எனக்கு அவ வந்தது பிடிச்சிருந்துச்சு.”

“உனக்கா? நீ எதையாவது பிடிச்சிருக்குன்னு சொல்லி நான் கேட்டதே இல்ல.”

“ரொம்ப ஒண்ணும் இல்ல. அவ உள்ள வரப்ப யாரும் எழுந்திருக்கல, பார்த்தியா? கட்டிப்பிடிச்சு அழல. ஒருத்தி மட்டும் தட்டைத் தள்ளி வெச்சு உட்கார இடம் விடறா. அவ்வளவுதான். அது சரியா இருந்துச்சு.”

“அழற சீன் வரைய ஆள் இருந்திருக்க மாட்டாங்க.”

“இருக்கலாம். அதனால என்ன?”

அவன் பத்துக்கு இரண்டு மதிப்பெண் போட்டான். அவள் ஆறு போட்டாள். அவள் அவனைவிடக் கூடுதலாகப் போட்டது அதுதான் முதல் தடவை. அதற்கும் கொஞ்ச நேரம் சண்டை நடந்தது. பிறகு அவன், “இன்னொரு விஷயம் சொல்லணும்” என்று மைக்குப் பக்கம் திரும்பினான். அதற்குமேல் வரவில்லை. அவளே சொன்னாள்.

“நானும் லிஃப்ட்டும் பிரிஞ்சு ரொம்ப நாளாச்சு. சண்டையெல்லாம் இல்ல. இந்தத் தொடரை முடிக்கிறதா உங்ககிட்ட சொல்லியிருந்தோம், முடிச்சிட்டோம். இவ்வளவு நாளா கேட்டதுக்கு நன்றி.”

கீழே மெஷின்கள் திரும்ப ஓடத் தொடங்கின. அவன் கம்பளிகளை மடித்தான். ஒன்றை மட்டும் கட்டிலில் வைத்து, “குளிருக்கு வெச்சுக்கோ” என்றான்.

“கீழ லாண்டரி. குளிரே தெரியாது.”

“சரி” என்று அதையும் எடுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டான். அவள் வாசல் வரை வந்தாள். சாக்கு படியில் இடித்து இடித்து இறங்கும் சத்தம் கேட்டது.

கேட்டவர்களில் சிலர் வருத்தப்பட்டு எழுதினார்கள். மற்றவர்கள் மதிப்பெண்ணுக்காகச் சண்டை போட்டார்கள். இந்தக் குப்பைக்கு எப்படி ஆறு போடலாம் என்று அவளை ஒருவர் பக்கம் பக்கமாகத் திட்டியிருந்தார். இன்னொருவர், ‘அப்போ இரண்டாவது சீசனுக்கு யார் பேசுவாங்க?’ என்று மட்டும் கேட்டிருந்தார். எல்லாவற்றையும் பஸ்ஸில் நின்றபடி படித்தாள்.

அக்காவுக்கு இன்னும் நம்பிக்கை போகவில்லை. என்றைக்காவது ஒரு நாள் தங்கச்சி உட்கார்ந்து நன்றாக அழுதுவிடுவாள், அப்புறம் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். வீட்டுக்கு வரும்போதெல்லாம் முகத்தை உற்றுப் பார்க்கிறாள். “எப்படிடி இருக்க?” என்றால், “பரவாயில்லக்கா” என்பாள் இவள். பொய் இல்லை.

இரண்டாவது சீசன் வந்தது. பேச வருகிறாயா என்று அவன் கேட்டிருந்தான். ‘நீங்க பண்ணுங்க’ என்று எழுதினாள். அவன் கூட வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியனைச் சேர்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தான். ஒரு காலை லேபுக்குப் போகும்போது அதைப் போட்டுக் கேட்டாள். கேமும் தெரியாத, கப்பலும் தெரியாத எலக்ட்ரீஷியன், “இதுங்களுக்கு சார்ஜ் எங்கண்ணே போடறது?” என்று கேட்டான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நிறுத்தம் வந்ததும் இயர்போனைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள்.